பதுளைத் தியேட்டரில் வைத்த வேண்டுதல்

என் மனைவி ராஜேஸ்வரியைக் குளவி கொட்டியது சாமி கல்லுக்குப் பக்கத்தில் வைத்துத்தான். இதை மறைத்துவிட்டு என் அனுபவத்தில் வேறு எதையும் சொல்ல முடியாது. கும்பிடப் போனவளைக் கொட்டித் தள்ளிவிட்டன. எங்கள் தோட்டத்துத் திருவிழா மலருக்கு, "நல்லதா ஒண்ணு எழுதிக் குடுங்க அண்ணே" என்று கேட்டார்கள். நல்லதும் வரும், கடைசியில். அதற்கு முன்னால் நடந்ததையும் நீங்கள் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

என் பெயர் முத்துலிங்கம். தெமோதரை ஸ்டேஷனுக்கு மேலே இருக்கிற தோட்டத்தில், ஸ்டோர் என்று நாங்கள் சொல்கிற தேயிலைப் பெக்டரியில், கொழுந்து அரைக்கிற மெஷினில் வேலை செய்கிறேன். பக்தியில் நான் பெரிய ஆள் இல்லை. திருவிழாவுக்குத் தோரணம் கட்டுவேன், தேர் இழுப்பேன், பொங்கலை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவேன். அதோடு சரி. எங்கள் வீட்டுப் பக்தி முழுக்க ராஜியின் பொறுப்பில் இருந்தது.

கொழுந்துசாமியைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. தேயிலைக் காட்டை நாங்கள் மலை மலையாகப் பிரித்துச் சொல்வோம். ஒவ்வொரு மலையிலும் ஒரு மரத்தடியில் ஒரு கல் இருக்கும். மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருப்போம். அந்த மலையில் புதிதாகக் கொழுந்தெடுக்கத் தொடங்குகிற அன்று, பெண்கள் முதல் பிடிக் கொழுந்தைக் கல்லுக்கு வைத்து, சூடம் கொளுத்தி, சாம்பிராணி போட்டு, "பொலியோ பொலி" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் செடியில் கை வைப்பார்கள். கூரையும் கிடையாது, ஐயரும் கிடையாது. அதுதான் கொழுந்துசாமி.

போன மழைக்காலத்தில், மேல்மலையில் இருக்கிற அந்தக் கல்லுக்கு நேர் மேலே, சவுக்கு மரக் கிளையில் குளவி கூடு கட்டிவிட்டது. நாளுக்கு நாள் பெருத்து, தண்ணிக் குடம் அளவுக்கு வந்துவிட்டது. ஆள் வைத்து எரித்துவிடலாம் என்றார் பெண்களின் வேலையை மேற்பார்க்கிற கங்காணி. பெண்கள் விடவில்லை.

"இம்புட்டு மரம் இருக்கு. அதெல்லாம் விட்டுட்டுச் சாமி மரத்துக்குத்தானே வந்துருக்கு? காவலுக்கு வந்ததுங்க கங்காணியாரே" என்றார் பாக்கியம் அக்கா. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எங்களுக்கு அடுத்த காம்பிரா, அதாவது அடுத்த அறை, அவருடையது.

ராஜி அதற்கும் ஒரு படி மேலே போனாள். "சாமி தலைக்கு மேல தீய வைக்கச் சொல்றீங்களா? நல்லா இருப்பீங்களா நீங்க?" என்று கேட்டாள். மனுஷன் வாயை மூடிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் கல்லுக்குக் காட்டுகிற சூடத்தை அண்ணாந்து கூட்டுக்கும் காட்டினார்கள். வேறு ஊரில் குளவியைக் கண்டால் ஓடுவார்கள். நாங்கள் கும்பிட்டோம்.

மழை விட்டு, அந்த மலையில் கொழுந்து தொடங்கிய காலையில்தான் அது நடந்தது. மரத்தடி ஈரமாக இருந்ததால் சாம்பிராணிக் கரி பற்றவில்லை. ஊதி ஊதிப் பற்ற வைத்தார்களாம். வழக்கத்தைவிடப் புகை அதிகம். அது நேரே மேலே போயிருக்கிறது.

முதலில் ஒரு இரைச்சல் கேட்டதாம். சாமி வருகிறது என்று நினைத்து இரண்டு பெண்கள் கை கூப்பியிருக்கிறார்கள். பிறகு கூடையைப் போட்டுவிட்டு எல்லோரும் ஓட்டம். ராஜி ரோட்டு வரைக்கும் வந்துவிட்டாள். பாக்கியம் அக்கா கால் இடறித் தண்ணி ஓடுகிற கான் ஓரத்தில் விழுந்து கிடப்பதைத் திரும்பிப் பார்த்துவிட்டு, மறுபடி மேலே ஏறிப்போனாள். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து, அந்த அம்மா மேல் போர்த்தி, தானும் அதன் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டாள்.

ஸ்டோரிலிருந்து நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது இரண்டு பேரையும் கொழுந்து லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ராஜியின் முகத்தில் கண் எது, மூக்கு எது என்று தெரியவில்லை. பாக்கியம் அக்காவின் புருஷன் கருப்பையா அண்ணன், அக்காவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "தாயே, கொழுந்துசாமி, கொழுந்துசாமி" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தார். பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்கு முன்னால் அக்கா போய்விட்டார். அண்ணன் அது தெரியாமல் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

ராஜி பிழைத்துவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தோம். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள், சேலைன் ஏற்றினார்கள். மறுநாள் கண்ணைத் திறந்து, "என்னாங்க, மகளுக்குச் சோறு யாரு போடுறா?" என்று கேட்டாள். எனக்கு உயிர் வந்தது. ஆனால் அதற்கடுத்து அவளுக்கு மூத்திரம் சாயத்தண்ணி நிறத்தில் போனது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. உடம்பு வீங்கியது. மூச்சு வாங்கியது. பேச்சுக் குழறியது.

டொக்டர் சிங்களத்தில் விளக்கினார். பக்கத்தில் நின்ற தமிழ் நர்ஸ் மிஸ்ஸி எனக்குத் தமிழில் சொன்னார். "குளவி விஷம் கிட்னியைக் கெடுத்துருச்சு ஐயா. மெஷின்ல போட்டு ரத்தத்தைக் கழுவுறோம். ஆனா மெஷின் கொஞ்ச நாளைக்குத்தான் தாங்கும். கிட்னி தானா முழிக்கணும். மூத்திரம் போனா பொழைச்சிருவாங்க."

"போகலைன்னா?"

மிஸ்ஸி டொக்டரைப் பார்த்தார். டொக்டர் என் தோளில் கையை வைத்தார். மொழி தெரியாவிட்டாலும் அது எனக்குப் புரிந்தது.

அதற்குப் பிறகு எனக்கு இந்த உலகத்தில் வேறு கவலையே இல்லை. மாலையில் வாட்டுக்குள் விட்டதும் முதலில் கட்டிலுக்குக் கீழே தொங்குகிற மூத்திரப் பையைத்தான் பார்ப்பேன். பிறகுதான் அவள் முகத்தைப் பார்ப்பேன். பை வெறுமையாக ஒட்டிக்கொண்டு கிடக்கும்.

தோட்டத்திலிருந்து வந்த செய்திகள் இன்னும் மோசம். பாக்கியம் அக்காவை அடக்கம் பண்ணிவிட்டார்கள். நான் போக முடியவில்லை. குளவிக் கூட்டைத் தோட்டத்து மனேஜர் துரை ஆள் வைத்து எரித்துவிட்டார். அதைவிட, சிலர் வேறு மாதிரிப் பேசிக்கொண்டார்களாம். தீட்டோடு யாரோ கல்லைத் தொட்டிருக்கிறார்கள், அதுதான் சாமி குளவியை ஏவிவிட்டது, யாரைக் கூடுதலாகக் கொட்டியதோ அவள்தான் தொட்டிருப்பாள் என்று. பார்க்க வந்த ஒருவர் இதை என்னிடமே சொல்லி, பரிகாரத்துக்கு ஒரு விபூதிப் பொட்டலமும் கொடுத்தார். அவர் கண் முன்னாலேயே அதை ஆஸ்பத்திரிக் கானில் கொட்டினேன். விழுந்தவளைத் தூக்கத் திரும்பிப் போனவளையா ஒரு சாமி தண்டிக்கும்? அப்படித் தண்டித்தால் அது என்ன சாமி? அன்றோடு கோயில் பக்கம் போவதை நிறுத்தினேன். பதுளை டவுனில் எத்தனையோ கோயில் இருக்கிறது. மணிச் சத்தம் கேட்டால் தெருவின் மறுபக்கத்தால் நடப்பேன்.

பொம்பளை வாட்டில் ஆண்கள் தங்க முடியாது. ராஜியின் தங்கச்சி சாந்திதான் கூட நின்றாள். பார்வையாளர் நேரம் போக மிச்ச நேரமெல்லாம் நான் பஸ் ஸ்டாண்டிலும் கடை வாசலிலும் உட்கார்ந்திருப்பேன். அப்படி இருக்கையில் ஒரு நாள் மத்தியானம் சாந்தி வெளியே வந்தாள். அவள் முகமே சரியில்லை.

"மாமா, நெஞ்சுல நீர் கோத்துருக்காம். இன்னைக்கும் நாளைக்கும் பாப்போம்னு சொல்றாங்க. சாயங்காலம் வரைக்கும் உள்ள விட மாட்டாங்களாம். நீங்க இப்பிடி வாசல்ல நின்னு மழையில நனையாதீங்க. எங்கயாச்சும் போயி உக்காருங்க."

எங்கே போவது? நடந்தேன். மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கிய இடம் ஒரு சினிமாத் தியேட்டர்.

அம்மன் படம் ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் வாழை மரம் கட்டி, அம்மன் படத்துக்கு மாலை போட்டு, குத்துவிளக்கு ஏற்றி வைத்திருந்தார்கள். பசறைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பெண்கள் மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு கூட்டமாக வந்திருந்தார்கள். கதவடியில் செருப்புகள் குவிந்து கிடந்தன. கோயில் என்றே நினைத்துக் கழற்றிப் போட்டிருக்கிறார்கள். இந்தப் படத்தைப் பார்க்கவேண்டும் என்று ராஜியும் கேட்டிருந்தாள். சம்பளம் எடுத்ததும் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருந்தேன். நான் தனியாக டிக்கெட் எடுத்தேன். செருப்பைக் கழற்றவில்லை. வேண்டுமென்றேதான் கழற்றவில்லை.

ஓர் ஓரமாக உட்கார்ந்தேன். பக்கத்து ஸீட்டில் ஈரக் குடையை வைத்தேன். வெளியே மழை, உள்ளே நான் ஒருவன், என்னைச் சுற்றிக் குடும்பம் குடும்பமாகச் சனம். தியேட்டருக்குத் தனியாகப் போனது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பெண்சாதி ஆஸ்பத்திரியில் கிடக்க இவன் படம் பார்க்கிறான் என்று யாராவது தெரிந்தவர் கண்டால் காறித் துப்புவார்கள். துப்பட்டும் என்று இருந்தேன்.

படத்தின் கதை உங்களுக்குத் தெரிந்த மாதிரிக் கதைதான். ஏழைப் பெண், அம்மன் மேல் உயிரையே வைத்திருக்கிறாள். கெட்ட மாமியார். புருஷனைப் பாம்பு கடிக்கிறது. வைத்தியர் கையை விரிக்கிறார். அவள் ஓடுகிறாள், கோயிலில் விழுந்து புரண்டு பாடுகிறாள். மணிகள் தானாக ஆடுகின்றன. சிலையின் கண் திறக்கிறது. இடி இடிக்கிறது. அம்மன் சின்னப் பிள்ளையாக வந்து புருஷன் காலைத் தடவியதும் விஷம் நீல நிறத்தில் வெளியே போகிறது. அவன் எழும்பி உட்கார்ந்து பெண்சாதியைப் பார்த்துச் சிரிக்கிறான்.

தியேட்டரே எழுந்து நின்றது. குலவை போட்டார்கள். முன்வரிசையில் ஒரு அம்மாவுக்கு அருள் வந்து ஆடத் தொடங்கினார். இன்னொருவர் சட்டைப் பைக்குள்ளிருந்து சூடத்தை எடுத்து, ஸீட்டின் கைப்பிடியிலேயே கொளுத்திவிட்டார். டோர்ச் லைட் அடிக்கிற ஆள் ஓடி வந்து தொப்பியால் அடித்து அணைத்தார். நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒரே ஆத்திரம். இவள் பாட்டுப் பாடினாள், வந்தாய். எங்கள் லொறியில் ஒருவர் தொண்டை கிழியக் கூப்பிட்டாரே, அவருக்குப் பாட்டு வராது, அதற்காக வரமாட்டாயா? மனதுக்குள் கேட்கவில்லை. வாய் திறந்தே கேட்டேன். குலவைச் சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது.

சனம் உட்கார்ந்தது. படம் தொடர்ந்து ஓடியது. நான் திரையைப் பார்த்துக்கொண்டு வேறு எதையோ யோசித்தேன். பாக்கியம் அக்காவை இந்தப் படத்தில் எங்கே வைப்பார்கள்? வைக்கமாட்டார்கள். வைத்தால் யாரும் டிக்கெட் எடுக்கமாட்டார்கள். சினிமாக்காரனைச் சொல்லிக் குற்றமில்லை. நானும் இவ்வளவு காலமாக இந்தப் படத்தைத்தானே நம்பியிருக்கிறேன். கும்பிட்டால் வரும், வந்தால் இடி இடிக்கும், நல்லவளைக் காப்பாற்றும், கெட்டவளை உதைக்கும் என்று. தீட்டு என்று பேசியவர்களும் இந்தப் படத்தைத்தான் நம்புகிறார்கள். அதனால்தான் கொட்டு வாங்கியவள் கெட்டவளாக இருக்கவேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். அதே கணக்கைத்தான் நானும் தலைகீழாகப் போட்டு, காப்பாற்றாத சாமி சாமியே இல்லை என்று கோயிலுக்குப் போகாமல் இருந்தேன்.

ராஜி எதை நம்பினாள்? நான் அவளைக் கேலி பண்ணுவேன். "வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை மலை ஏறிப் போறியே, அப்பிடி என்னாத்தக் கேக்குற? லொத்தர் சீட்டு விழணும்னா?" என்று. "கேக்குறதுக்கு என்னா இருக்கு? சும்மா சொல்லிட்டு வருவேன்" என்பாள். மகளுக்குப் பரீட்சை வருகிறது என்று சொல்வாள். நாய் குட்டி போட்டிருக்கிறது என்று சொல்வாள். நான் குடித்துவிட்டு வந்து கத்தினால் அதையும் போய்ச் சொல்லுவாள். சாமி என்ன சொன்னது என்று கேட்டால், "அது என்னா சொல்லும்? கேட்டுக்கிட்டிருக்கும்" என்பாள். எனக்கு அது விளையாட்டாகத் தெரிந்தது. அன்றைக்கு அந்த இருட்டில் உட்கார்ந்திருந்தபோதுதான், என் பெண்சாதிக்கும் அந்தக் கல்லுக்கும் இடையில் இருந்தது எனக்குக் கொஞ்சம் புரிந்தது. அவள் அதனோடு வியாபாரம் எதுவும் பண்ணவில்லை.

சரி, நானும் சொல்லிப் பார்க்கிறேன் என்று தொடங்கினேன். எப்படித் தொடங்குவது என்றுகூடத் தெரியவில்லை. திரையில் சண்டை நடந்தது, சூலம் பறந்தது. நான் முணுமுணுவென்று சொன்னேன். "நான் முத்துலிங்கம். ஸ்டோர்ல வேல செய்யிறேன். ராஜியோட புருஷன். ஒனக்கு அவளத்தான் தெரியும், என்னயத் தெரியாது. அவளுக்கு ஒடம்பெல்லாம் வீங்கிப்போச்சு. மோதரத்த வெட்டித்தான் எடுத்தாங்க. என்னயப் பாத்து யாரோன்னு நெனைக்கிறா. மக போன்ல அழுகுறா. எனக்குச் சோறு எறங்கல. பாக்கியம் அக்கா செத்துப்போச்சு, அத இன்னும் அவளுக்குச் சொல்லல." இப்படி ஒன்றுவிடாமல் சொன்னேன். கோபத்தையும் சொன்னேன். கடைசியில் கேட்டேன். ஆடு வெட்டுகிறேன், காவடி எடுக்கிறேன் என்று ஏலம் போடவில்லை. "அவளுக்கு மூத்திரம் போகணும். வேற ஒண்ணும் வேணாம். மூத்திரம் போகட்டும்" என்றேன்.

சிரிக்காதீர்கள். அம்மன் ஆகாயத்தில் நின்று அருள் கொடுக்கிற தியேட்டரில் உட்கார்ந்து நான் கேட்டது அதைத்தான். கேட்டதும் அழுகை வந்துவிட்டது. ஆம்பளை அழுகிற அழுகை இல்லை. சின்னப் பிள்ளை மாதிரி, மூக்குச் சளி ஒழுக, சத்தம் போட்டு.

டோர்ச் லைட் ஆள் வந்துவிட்டார். முகத்தில் வெளிச்சம் அடித்தார். வயதான சிங்கள மனுஷன். என் பக்கத்தில் குனிந்து, தனக்குத் தெரிந்த தமிழில் மெதுவாகச் சொன்னார்: "ஐயா, அழ வாணாம். அந்த பொம்பளைக்கு ஒண்ணும் ஆகிறது இல்லே. நான் தெனம் பாக்குறது. கடைசியிலே நல்லா இருக்கிறது."

படத்தில் வருகிற பெண்ணுக்காக நான் அழுகிறேன் என்று அவர் நினைத்துவிட்டார். அது எனக்குத் தெரியும். அது தெய்வ வாக்கு என்று நான் உங்களிடம் கதை விடப்போவதில்லை. அவருக்கு ராஜியையும் தெரியாது, குளவியையும் தெரியாது. இருந்தாலும் மாதக் கணக்கில் தண்ணி காணாத மண் மாதிரி இருந்த எனக்கு அது போதுமாக இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நெசமாவா?" என்று கேட்டேன். "சத்தியமா" என்று சொல்லிவிட்டு, தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

நான் கடைசி வரைக்கும் இருந்தேன். கதாநாயகி நன்றாகத்தான் இருந்தாள்.

தியேட்டரை விட்டு வந்து நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். இதோ அற்புதம் நடந்திருக்கும் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பை வெறுமையாகத்தான் இருந்தது. மூக்கில் ஒட்சிசன் வைத்திருந்தார்கள். சாந்தி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பழைய முத்துலிங்கமாக இருந்தால் அன்றைக்கே எல்லாவற்றையும் திட்டித் தீர்த்திருப்பேன். ஆனால் ஒன்று மாறியிருந்தது. சொல்வதற்கு எனக்கு ஓர் இடம் கிடைத்திருந்தது. வாட்டு வாசலில் நின்று, "இன்னும் போகல" என்று சொன்னேன். மறுநாளும் சொன்னேன். அவளை மெஷினில் போட எடுத்துப்போகிறபோது சொன்னேன். அடுத்த கட்டிலில் இருந்த பெண் செத்துப்போனபோது, பயமாக இருக்கிறது என்று சொன்னேன். பதில் ஒன்றும் வரவில்லை. ராஜி சொன்னதுபோல அது கேட்டுக்கொண்டிருந்தது என்றுதான் நினைக்கிறேன். அந்த நாட்களில் நான் பைத்தியம் பிடிக்காமல் இருந்ததற்கு வேறு காரணம் எனக்குத் தெரியாது.

ஒரு நாள் விடிந்து கொஞ்ச நேரத்தில், நான் ஆஸ்பத்திரிக்கு எதிர்க் கடையில் பால் இல்லாத பிளேன்டி வாங்கிக் கையில் வைத்திருக்கும்போது, சாந்தி ரோட்டைக் கடந்து ஓடி வருகிறாள். பஸ்காரன் ஹோர்ன் அடித்துத் திட்டுகிறான். அவளுக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. முடிந்தது என்று நினைத்தேன்.

"மாமா! போயிருச்சு மாமா! மூத்திரம் போயிருச்சு!" என்று நடுரோட்டில் நின்று கத்தினாள். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவன் சிரித்தான். சிரிக்கட்டும்.

மிஸ்ஸி என்னை உள்ளே கூப்பிட்டுக் காட்டினார். பையில் அடியில் கொஞ்சம் கிடந்தது, பிளேன்டிக் கிளாஸில் பாதி இருக்கும். கலங்கலாக, நுரையோடு. நான் அந்தப் பைக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டேன். மிஸ்ஸி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். பக்கத்துக் கட்டில் சிங்கள அம்மா "சாது, சாது" என்றார். இடியும் இல்லை, மணியும் ஆடவில்லை. ஆனால் எனக்குச் சாமி அன்றைக்கு அங்கேதான் இருந்தது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதற்குப் பிறகு பை கொஞ்சம் கொஞ்சமாக நிறையத் தொடங்கியது. வீக்கம் வற்றியது. மெஷினை நிறுத்தினார்கள். அந்த டொக்டருக்கும் மிஸ்ஸிமாருக்கும் நான் செத்தாலும் நன்றிக்கடன் தீராது. சாமி யார் கையால் வேலை செய்தது என்று கேட்டால் அவர்கள் கையைத்தான் காட்டுவேன்.

ராஜிக்கு நல்ல நினைவு வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "பாக்கியம் அக்கா எந்த வாட்டுல?" நான் சாந்தியைப் பார்த்தேன். சாந்தி என்னைப் பார்த்தாள். ராஜி இரண்டு பேரையும் பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். சாயங்காலம் ஒரே ஒரு தடவை, "நான் மேல படுத்துருந்தேனே" என்றாள். "நல்லா மூடித்தானே படுத்துருந்தேன்." எனக்குக் கிடைத்த வரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஊமையாக நின்றேன்.

வீட்டுக்கு வந்த அன்று லயத்துச் சனம் எல்லாம் வந்தது. பரிகாரம் சொன்னவரும் வந்தார். "பாத்தீங்களா, சாமி கைவிடல" என்றார். கருப்பையா அண்ணன் அடுத்த காம்பிரா வாசலில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். எல்லோரும் போன பிறகு வந்து, ராஜியின் தலையில் கை வைத்து, "நல்லா இரும்மா" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நானும் கூப்பிட்டேன் தம்பி. அதே சாமியத்தான் கூப்பிட்டேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ராஜி எழும்பி நடந்ததும் மலைக்குப் போகவேண்டும் என்றாள். நான் தடுக்கவில்லை, கூடப் போனேன். கல்லுக்கு முன்னால் நின்று அண்ணாந்து மரத்தை நெடுநேரம் பார்த்தாள். "கும்புடுறப்ப கண்ண மூடலாம்ங்க. அதுக்கு முன்னாடி தொறந்து பாத்துருக்கணும். நம்மதான் பாக்கல. காவலுன்னு நம்மளாத்தானே பேரு வச்சோம், அது ஒண்ணும் சொல்லலியே" என்றாள். இப்போது எந்த மலையில் கொழுந்து தொடங்கினாலும், அதற்கு முன்னால் நானும் கங்காணியும் போய் மரம் மரமாகப் பார்க்கிறோம். கூடு இருந்தால் சாமி மரமாக இருந்தாலும் எடுத்துவிடச் சொல்கிறோம். சாம்பிராணி வேண்டாம் என்று ராஜியே சொல்லிவிட்டாள். ஒரு சின்னச் சூடம் போதும். இதுவும் சாமி காரியம்தான். தோரணம் கட்டுவதைவிடப் பெரிய காரியம்.

குடியை விட்டேன். தினமும் வேலைக்குப் போகிற வழியில் அந்தக் கல்லடியில் நின்று சொல்லிவிட்டுத்தான் போகிறேன். இதுதான் என்னில் வந்த மாற்றம்.

இந்த மலரை வாசிக்கிற அன்பானவர்களே, உங்களில் யாருக்காவது வீட்டில் ஆள் படுக்கையில் இருக்கலாம், மகன் கொழும்புக்குப் போய் ஒரு செய்தியும் இல்லாமல் இருக்கலாம். கும்பிடுங்கள், கேட்டது கிடைக்கும் என்று உறுதி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்குக் கிடைத்தது. அடுத்த காம்பிராவுக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் சொல்லுங்கள். சாமிக்குத் தெரியாததா என்று இருந்துவிடாதீர்கள். அழுது சொல்லுங்கள், திட்டிச் சொல்லுங்கள், தியேட்டரில் உட்கார்ந்து என்றாலும் சொல்லுங்கள். தனியாக மட்டும் சுமக்காதீர்கள். கேட்டுக்கொண்டிருக்கிற ஒன்று இருக்கிறது. அதை நான் அனுபவித்தேன்.

இதை எழுதி முடித்து, அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் கருப்பையா அண்ணனிடம் படித்துக் காட்டினேன். அவருக்குப் பிடிக்காவிட்டால் கிழித்துப் போடுவது என்று முடிவு பண்ணியிருந்தேன். முழுவதையும் கேட்டார். வெற்றிலையை மடித்து வாயில் போட்டார்.

"போடு தம்பி. அவ பேரையும் அப்பிடியே போடு" என்றார்.

"சரிங்க அண்ணே."

"அந்த நன்றிய நீ சொல்லு. ஒனக்குச் சொல்ல வேண்டியது இருக்கு. என்னால சொல்ல முடியாது. எனக்குக் கேக்குறதுக்கு ஒரு கேள்விதான் இருக்கு."

"அதையும் நான் சொல்லிர்றேங்க அண்ணே. தெனம் போறேன்தானே" என்றேன்.

அவர் தலையை ஆட்டி மறுத்தார். "வேணாம். வர்ற வெள்ளிக்கெழம நானும் ஒங்களோட மலைக்கு வர்றேன். நானே அதுக்கிட்ட நேருல கேட்டுக்கிறேன்" என்றார்.